பதினேழாவது வரியில் போட்ட ஒன்று

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தசமம் என் மேசை முன் வந்து நின்றபோது அவர் கையில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் நல்ல செய்தி என்றால் கோப்பு கட்டி, அட்டை போட்டு வரும். கெட்ட செய்திக்கு ஒற்றைத் தாள் போதும்.

"முப்பத்தொரு பிள்ளைங்க," என்றார். "அதுல இருபத்தேழு பேருக்கு அஞ்சாவது திறன் கிடையாது. ஆனா அந்தத் திறன் இல்லாம போடவே முடியாத கணக்கை இருபத்தொன்பது பேர் சரியாப் போட்டிருக்காங்க. இது தானா நடக்க வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? புள்ளி பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்..."

"போதும் சார். பூஜ்யத்தை எண்ணி முடிக்கறதுக்குள்ள டீ ஆறிடும்."

அவர் சிரிக்கவில்லை. எங்கள் புள்ளியியல்காரர் எதையும் முழு எண்ணோடு நிறுத்திக் கேட்டதில்லை. சாப்பாடு எப்படி என்று கேட்டால், "நேத்தைவிட புள்ளி ரெண்டு பரவாயில்ல" என்பார். தசமம் என்று பெயர் வைத்தது யார் என்பது மறந்துபோய்விட்டது. அவருக்கே அந்தப் பெயர் பிடித்துவிட்டது.

நாங்கள் நடத்துவது குறையறி தேர்வு. நூற்றுக்கு எத்தனை என்று அது சொல்லாது. ஒரு குழந்தை கணக்கில் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்று சொல்லும். அப்படிச் சொல்வதற்கு ஓர் அட்டவணை வேண்டும். மேலிருந்து கீழாக நாற்பது கேள்விகள், குறுக்கே ஏழு திறன்கள்; அவற்றில் ஐந்தாவது, பின்னங்களின் பகுதியை, அதாவது கீழ் எண்ணை, சமப்படுத்துவது. இந்தக் கேள்வியைப் போட இந்தத் திறன் தேவை என்றால் கட்டத்தில் ஒன்று. தேவையில்லை என்றால் பூஜ்யம். மொத்தம் இருநூற்று எண்பது கட்டங்கள். அவற்றை நிரப்பியவள் நான். பிள்ளைகளின் விடைகளை அந்த அட்டவணையின் மேல் வைத்துப் பார்த்துத்தான் கணினி தீர்ப்புச் சொல்லும். தெரிந்த பிள்ளை தவறாகப் போட்டால் அதற்குச் சறுக்கல் என்று பெயர். தெரியாத பிள்ளை சரியாகப் போட்டால் ஊகம். ஒன்றிரண்டு பேர் ஊகித்தால் கணினி கண்டுகொள்ளாது. ஒரு வகுப்பே சேர்ந்து ஊகித்தால் சந்தேகக் கொடி தூக்கும்.

"யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க," என்றார் தசமம். "டீச்சராத்தான் இருக்கணும். மேற்பார்வைக்குப் போன நம்ம ஆள் எழுதியிருக்கறதைப் பாருங்க."

தாளின் ஓரத்தில் ஒரு குறிப்பு: 'தேர்வுக்கு முன் கரும்பலகையில் ஒரு பெட்டி வரையப்பட்டிருந்தது. அழிக்கச் சொன்னதும் ஆசிரியை முகம் சுளித்தார்.'

மேலே வகுப்பின் குறியீடு: பதினான்கு, ஆ பிரிவு.

பள்ளிகளின் பெயர் தசமத்துக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பது விதி. குறியீட்டுப் பட்டியல் எங்கள் இயக்குநரிடமும், அதை எழுதிய என்னிடமும் மட்டும் இருந்தது. பதினான்கு எந்தப் பள்ளி என்று தெரிந்துகொள்ள நான் அதை எடுத்துப் பார்க்கத் தேவைப்படவில்லை. அந்தப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவை நடத்துபவள் என் நாத்தனார். என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவள்.

முகம் சுளித்தார் என்று வாசித்ததுமே அந்தச் சுளிப்பு என் கண்ணுக்குத் தெரிந்தது. பதினாறு வருடங்களாக நான் பார்த்துவரும் சுளிப்பு.

அப்போது எனக்கு வந்தது அதிர்ச்சி என்று எழுதிவிடலாம்தான். ஆனால் உண்மை வேறு. பல நாள் காணாமல் போன பொருள் கைக்குத் தட்டுப்பட்டதுபோல் இருந்தது. அண்ணியின் வகுப்பு எப்போதும் முதலில் வரும். எப்படி வருகிறது என்று நான் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தேன், மனசுக்குள். அந்தக் கேள்விக்கு ஒருவர் விடையை அச்சடித்தே கொண்டுவந்துவிட்டார்.

ஒன்பது வருடங்களுக்கு முன் நான் பள்ளி வேலையை விட்டு இந்த ஆய்வு மையத்துக்கு வந்தேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது அண்ணி சொன்னாள்: "பாடம் நடத்த முடியாதவங்கதான் பரீட்சை வைக்கப் போவாங்க." எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். நான்கு வருடம் வகுப்பறையில் தொண்டை வறளக் கத்தியும் பிள்ளைகள் அடங்காமல் வெளியே வந்தவள் நான். பொய்யாக இருந்திருந்தால் அந்தச் சொல் என்றைக்கோ உதிர்ந்து போயிருக்கும்.

நான்கு மணிக்குக் கடிதம் தயாரானது. 'விடைகள் வெளி உதவியோடு எழுதப்பட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம்' என்பது அதன் நடு வரி. மூன்று கையெழுத்து வேண்டும். அட்டவணை எழுதியவள், கணக்குப் பார்த்தவர், இயக்குநர். எங்கள் மையத்திலிருந்து இப்படி ஒரு கடிதம் போனால் விசாரணை முடியும்வரை அந்த ஆசிரியர் வகுப்புக்குள் நுழைய முடியாது. அடுத்த மாதம் அண்ணி அந்தப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக வேண்டியவள். இருபத்தாறு வருடம் காத்திருந்தவள்.

"திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஆள் மூலமா கொடுத்தனுப்பிடலாம்," என்றார் இயக்குநர் மேடம். "உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல மேடம்," என்று கையெழுத்துப் போட்டேன்.

---

சனிக்கிழமை என் கணவர் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க அக்கா கிளாஸ் எப்பவும் முதல்ல வருதே, அது எப்படி?"

"அவ போடற சத்தத்துக்குப் பின்னமெல்லாம் பயந்து தானாவே முழு எண்ணாயிடும்."

"தமாஷ் பண்ணாதீங்க. பரீட்சைக்கு முன்னாடி எதையாவது சொல்லிக் கொடுத்துடுவாங்களோ?"

"யாரு, அக்காவா? சின்ன வயசுல கடையில ஒரு பென்சிலைத் தெரியாம எடுத்துட்டு வந்தேன். காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்த் திருப்பிக் கொடுக்க வெச்சா. வழியெல்லாம் பார்க்கறவங்ககிட்ட வேற சொல்லிட்டே வந்தா." சட்டையை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் கேக்கற?"

"சும்மா."

"நீ சும்மான்னு சொன்னா சும்மா இருக்காது. நாளைக்கு அங்கதான் சாப்பாடு, ஞாபகம் இருக்கா? இந்த மூஞ்சியைக் கழட்டி வீட்டிலேயே வெச்சுட்டு வா."

அவருக்கு ஏதாவது தெரியுமோ என்று ஒரு கணம் தோன்றியது. அக்கா அவரிடம் சொல்லியிருப்பாளோ? இருவரும் சேர்ந்து என்னிடமிருந்து மறைக்கிறார்களோ? மறைத்துக்கொண்டிருப்பவள் நான். ஆனால் சந்தேகத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஒருவர் மேல் வைத்தால் பக்கத்தில் நிற்பவர் மேலும் ஒட்டிக்கொள்ளும்.

---

அண்ணியின் வீட்டில் சாப்பாட்டு மேசையின் பாதியில் எப்போதும் நோட்டுப் புத்தகங்கள்தான் இருக்கும். மீதிப் பாதியில் மனிதர்கள் சாப்பிட்டுக்கொள்ளலாம். அன்றும் அப்படித்தான். கணவர் பலகணியில் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். சமையலறையில் குக்கர் சத்தத்துக்கு மேல் அண்ணியின் குரல் வந்தது.

"அந்த நோட்டையெல்லாம் எடுத்து அலமாரியில வை. தட்டு வைக்கணும்."

"சரி அண்ணி."

இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது எழுதும்போதும் முகம் சுடுகிறது. பத்து நோட்டுகளை அள்ளி அலமாரி அருகே கொண்டுபோய், கதவுக்கு முதுகைக் காட்டி நின்று திறந்தேன். எனக்குத் தேவைப்பட்டது ஆதாரம். எங்காவது எங்கள் தேர்வின் கேள்வி எழுதியிருக்கும், பக்கத்தில் விடை இருக்கும், தேதி தேர்வுக்கு முந்தைய நாளாக இருக்கும் என்று விரல் வேகவேகமாகப் புரட்டியது.

முதல் நோட்டில் பெட்டிகள். இரண்டாவதிலும் பெட்டிகள். ஒவ்வொரு பக்கத்திலும் நீளமான பெட்டிகள், சம துண்டுகளாகக் கோடு போட்டு, கடைசித் துண்டு மட்டும் கறுப்பாகத் தீட்டியிருந்தது. கரும்பலகையில் இருந்த பெட்டி இதுதான். மூன்றாவது நோட்டில் இரண்டு பெட்டிகளின் கீழே பெரிய பெரிய எழுத்தில் ஒரு குழந்தை எழுதியிருந்தது:

'ஆறில் ஐந்துக்கு ஒரு துண்டு இல்லை. எட்டில் ஏழுக்கும் ஒரு துண்டு இல்லை. எட்டில் இல்லாத துண்டு ரொம்பச் சின்னது. அதனால் எட்டில் ஏழுதான் பெரிய ஆள்.'

தேதி, எங்கள் தேர்வுக்கு நான்கு மாதம் முன்பு.

எங்கள் பதினேழாவது கேள்வி அதுதான்: நான்கு பின்னங்களில் எது பெரியது? ஆறில் ஐந்து, எட்டில் ஏழு, நான்கில் மூன்று. பெரிய எண்ணைப் பார்த்துக் குறிப்பவர்களை ஏமாற்றுவதற்காகப் பதினைந்தில் எட்டு. நான்கையும் ஒப்பிட வேண்டுமானால் பகுதிகளைச் சமப்படுத்தியே ஆக வேண்டும் என்று ஐந்தாவது திறனின் கீழே ஒன்று போட்டவள் நான். இங்கே ஒரு குழந்தை எதையும் சமப்படுத்தவில்லை. முழுசாக ஆவதற்கு எவ்வளவு குறைகிறது என்று மட்டும் பார்த்திருக்கிறது. குறைகிற துண்டு எதற்குச் சின்னதோ அது பெரியது. ஒரு பெருக்கல்கூட இல்லை.

பக்கத்தைத் திருப்பினேன். எட்டில் மூன்று, ஐந்தில் இரண்டு. அந்தக் குழந்தை பெட்டி வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து, தாளே ஓட்டையாகியிருந்தது. கீழே சிவப்பு மையில் அண்ணியின் கை: 'இது இந்த வழியில் வராது. பிறகு பார்ப்போம்.'

"என்ன தேடற?"

அண்ணி கரண்டியோடு வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல அண்ணி. இந்தப் பொண்ணு கையெழுத்து நல்லா இருக்கேன்னு..."

"அதுவா? கோழி மண்ணைக் கிளறினா அதைவிட அழகா இருக்கும்." அவள் கண் நோட்டில் இல்லை, என் மேல் இருந்தது.

"இவங்களுக்குப் பகுதியைச் சமப்படுத்த இன்னும் சொல்லித் தரலையா?"

"என்ன அவசரம்? போன வருஷம் அதைத்தான் முதல்ல சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் பெருக்கிட்டே கிடந்துச்சுங்க. எது பெரிசுன்னு வாயால கேட்டா முழிச்சுதுங்க. இந்த வருஷம் முதல்ல கண்ணால பார்க்கட்டும், பெருக்கறது அப்புறம் வரட்டும்னு விட்டுட்டேன்." கரண்டியை இன்னொரு கைக்கு மாற்றினாள். "ஏன், உங்க பரீட்சையில அது குத்தமா?"

"இல்லையில்ல."

"நோட்டை வெச்சுட்டு வா. ஆறிடும்."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குச் சாப்பாட்டிலேயே பயம். அண்ணி எதிரே உட்கார்ந்து என் தட்டில் மறுபடி மறுபடி வைத்துக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை, எனக்குப் பரிமாறும் இந்தக் கையைத்தான் பிடித்து ஒரு கடிதத்துக்குள் தள்ளியிருந்தேன்.

---

வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியில் அட்டவணையைத் திறந்தேன். பதினேழாவது வரி, ஐந்தாவது கட்டம்: ஒன்று. பத்தொன்பதாவது வரியிலும் ஒன்று. இருபத்திரண்டாவதிலும்.

அந்த முதல் ஒன்றைப் போட்ட நாள் நினைவுக்கு வந்தது. பென்சிலால் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பகுதியை நூற்று இருபது என்று எடுத்து நான்கையும் மாற்றினேன். நூறு, நூற்றைந்து, தொண்ணூறு, அறுபத்துநான்கு. எனக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்களோ அப்படி. வேறு வழி இருக்குமா என்று அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அது இன்னும் மோசமானது. இரண்டு மாதங்களுக்கு முன் மேடம் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். இந்தத் துறையில் இருபது வருடமாக வந்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, ஆய்வு எந்தத் திசையில் போகிறது என்று எழுத வேண்டும். நானூற்றுச் சொச்சம் கட்டுரைகளைத் தரையில் மூன்று குவியலாகப் பிரித்தேன். புதிய சூத்திரம் கண்டுபிடித்தவர்களின் குவியல் என் முழங்கால் உயரம். இப்போதெல்லாம் அட்டவணையைக்கூடக் கணினியே எழுதட்டும் என்கிறார்கள். அதைப் படித்துத் தசமம் ஒரு வாரம் மயங்கிக் கிடந்தார். அட்டவணை சரியா என்று பார்த்தவர்களின் குவியல் ஒரு சாண். வகுப்பறையில் அந்தப் பிள்ளைக்கும் அந்த ஆசிரியருக்கும் இதனால் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களின் குவியல் ஒரு செருப்பின் தடிமன்கூட இல்லை. இரண்டாவது குவியலைச் சுருக்கி நான் எழுதிய வாக்கியம் அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது: 'அட்டவணையை எழுதும் வல்லுநர் தமக்குத் தெரிந்த வழியையே ஒரே வழி என்று எண்ணிவிடும் அபாயம் உண்டு.'

யாரோ ஒரு வல்லுநரைப் பற்றி எழுதுகிறேன் என்றே நினைத்து எழுதியிருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது.

அடுத்து, இருபத்தொன்றாவது கேள்வி. எட்டில் மூன்று, ஐந்தில் இரண்டு, மூன்றில் ஒன்று, பத்தில் மூன்று. அண்ணியின் வழி செல்லாத கேள்வி. தசமத்தின் தாளில் அதற்கு நேரே முப்பத்தொன்றுக்கு எட்டு என்று இருந்தது. வெள்ளிக்கிழமையே அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இப்போது மறுக்க முடியாது. விடை சொல்லிக் கொடுத்தவள் இதை மட்டும் ஏன் விட்டாள் என்று ஒரு கேள்வி எழும்பியது. மறந்திருப்பாள் என்று உடனே அதன் தலையில் ஒரு குட்டு வைத்து உட்கார வைத்தேன். வகுப்பறையில் எனக்கு ஒரு பிள்ளையும் அப்படி அடங்கியதில்லை.

நான் பேசாமல் இருந்தால் போதும். கடிதம் தானாகப் போய்ச் சேரும். கணினிக்கு அண்ணியின் பெட்டி தெரியாது, தசமத்துக்கும் தெரியாது. பேசினாலோ, வெள்ளிக்கிழமை ஏன் பேசவில்லை என்பார்கள். சொந்தக்காரியைக் காப்பாற்ற வழி ஜோடிக்கிறாள் என்பார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன்.

"தலைவலியா?" என்று கணவர் கேட்டார்.

"இல்ல. ஒரு தப்பு."

"யாரோடது?"

மடிக்கணினியை மூடினேன். "என்னோடது," என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த மரியாதையை அவரிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

---

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேடத்தின் அறைக்குப் போனபோது தசமமும் அங்கே இருந்தார். கடிதம் உறையில் போட்டு, ஒட்டி, மேசையின் விளிம்பில் இருந்தது.

"மேடம், பதினேழாவது வரியில தப்பு இருக்கு. பத்தொன்பது, இருபத்திரண்டுலயும். நான் போட்ட தப்பு."

"வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டீங்களே?"

"அந்தக் கணக்கைச் சமப்படுத்தாமலே போட முடியும்." மேசையில் வேறு தாள் இல்லை. கைக்கு வந்ததை எடுத்துத் திருப்பி இரண்டு பெட்டி வரைந்தேன், ஒன்றில் ஆறு துண்டு, ஒன்றில் எட்டு. வரைந்து முடித்த பிறகுதான் அது அந்த உறை என்று தெரிந்தது.

தசமம் எட்டிப் பார்த்தார். "வழி சரிதான். ஆனா பிள்ளைங்க இப்படித்தான் போட்டுதுங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

"நோட்டைப் பார்த்தேன்."

"எந்த நோட்டு?"

"அந்த வகுப்பு நோட்டு."

"அது எந்தப் பள்ளின்னே எனக்குத் தெரியாது. உங்களுக்கு நோட்டு எங்க கிடைச்சுது?"

"சாப்பாட்டு மேசையில."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த டீச்சர் உங்களுக்கு யாரு?"

"என் வீட்டுக்காரரோட அக்கா."

"வெள்ளிக்கிழமை அது தெரியுமா?"

"தெரியும் மேடம்."

தசமம் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "சொந்தக்காரங்களைக் காப்பாத்தப் பொய்க் கையெழுத்துப் போடறவங்களைப் பார்த்திருக்கேன். மாட்டிவிடப் போடறவங்களை இப்பத்தான் பார்க்கறேன்."

அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

"சரி," என்றார் மேடம். "அன்னிக்கு ஒண்ணை மறைச்சீங்க. இன்னிக்கு நீங்க சொல்றதை மட்டும் நான் எதுக்கு நம்பணும்?"

"நம்ப வேண்டாம் மேடம். என்னை விட்டுடுங்க. இருபத்தொண்ணைப் பாருங்க. அந்த வழி அங்க மட்டும் செல்லாது. விடை சொல்லிக் கொடுத்திருந்தா அதையும் சேர்த்துத்தானே சொல்லியிருப்பாங்க?"

தசமத்தின் உதடு அசைந்தது. அவருக்கு எண்கள் மனப்பாடம். "எட்டு, ஒன்பது, ஏழு, ஏழு," என்றார் மெதுவாக. நான்கு விடைகளுக்கும் கிட்டத்தட்ட சமமாகச் சிதறியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்ததுபோல். அவர் எழுந்து யாரிடமும் சொல்லாமல் தன் அறைக்குப் போனார்.

நாற்பது நிமிடம் ஆயிற்று. மூன்று வரிகளிலும் ஒன்றை எடுத்துவிட்டுப் பூஜ்யம் வைத்து, அறுபது பள்ளிகளின் விடைகளையும் மறுபடி ஓட்டினார். அதுவரை நானும் மேடமும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு கோப்பைப் படித்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை. பதினோரு மணிக்குக் கடிதத்தை வாங்கிப் போக ஆள் வந்தார். மேடம் அவரை வெளியே காத்திருக்கச் சொன்னார். நான் உறையில் வரைந்த பெட்டிகளைப் பார்த்தபடி இருந்தேன். கணினி வேறு ஏதாவது சொல்லிவிட்டால்? அண்ணி எனக்காகவே அந்த நோட்டுகளை மேசையில் பரப்பி வைத்திருந்தால்? தேதியை யார் வேண்டுமானாலும் எழுதலாமே? அந்த நிமிடத்தில்கூட என் மனசு அப்படித்தான் ஓடியது. பழகின மாடு, கயிற்றை அவிழ்த்துவிட்டாலும் அதே தொழுவத்துக்குத்தான் போகும்.

தசமம் வாசலில் வந்து நின்றார்.

"கொடி இறங்கிடுச்சு மேடம். அந்த வகுப்புல யாரும் ஊகிக்கல." கையிலிருந்த தாளைப் பார்த்தார். "வேற பத்தொன்பது பள்ளியிலயும் அங்கங்க இப்படிப் போட்ட பிள்ளைங்க இருக்காங்க. எல்லாரையும் ஊகம்னு தள்ளியிருக்கோம். இருநூத்திப் பன்னிரண்டு பேர்."

"புள்ளி?" என்றார் மேடம்.

"புள்ளி இல்ல. பிள்ளைங்கதானே. முழு எண்தான்."

அவர்களில் எழுபது பேருக்கு அறிக்கை ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டது. உங்கள் பிள்ளை புரிந்து எழுதவில்லை, ஊகித்து எழுதியிருக்கிறது என்று எழுபது வீடுகளில் யாரோ ஒருவர் உரக்க வாசித்திருப்பார்கள். எந்தப் பிள்ளையும் பெட்டி வரைந்து காட்டி வாதாடியிருக்காது. அச்சடித்த தாளோடு யார் வாதாடுவது?

மேடம் கடிதத்தை உறையோடு குறுக்கே கிழித்தார். "அட்டவணை இனிமே உங்க கையில இருக்காது. ரெண்டு பேர் தனித்தனியா எழுதட்டும். அந்த எழுபது வீட்டுக்கும் திருத்தக் கடிதம் நீங்க எழுதுங்க. தப்பு யாரோடதுன்னு அதுல இருக்கணும்."

"சரி மேடம்."

"அந்த டீச்சர்கிட்ட நான் பேசணுமா, நீங்களே பேசறீங்களா?"

---

பள்ளி விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆ பிரிவில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிப் பெருக்கியிருந்தார்கள். அண்ணி சாக்குக்கட்டித் துண்டுகளை ஒரு டப்பாவில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். தாள், கடிதம், குறியீடு, நோட்டு, உறை. அவள் பொறுக்குவதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்த பிறகும் இரண்டு துண்டுகள் டப்பாவில் விழும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமையே ஏதோ இருக்குன்னு தெரியும்," என்றாள். "நோட்டைத் தலைகீழா அடுக்கி வெச்சிருந்த. நீ ஸ்பூனைக்கூட நேரா அடுக்கறவளாச்சே."

"அப்பவே கேட்டிருக்கலாமே அண்ணி?"

"கேட்டா சும்மான்னுதானே சொல்லியிருப்ப?" டப்பாவை மூடினாள். "ஒண்ணு மட்டும் சொல்லு. கையெழுத்துப் போடும்போது கை நடுங்கிச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கும் வீட்டுக்குத் திரும்பிப் போகும்போது கையில் ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கும். அவள் கேட்ட விதமே அந்தப் பதிலை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்ததுபோல்தான் இருந்தது.

"இல்ல அண்ணி. நல்லா அழுத்தித்தான் போட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். சுளிப்பு இல்லை. சுளிப்பில்லாத அந்த முகம் எனக்குப் பழக்கமில்லாததால் அதில் என்ன இருக்கிறது என்று படிக்க முடியவில்லை.

"மன்னிப்பெல்லாம் இல்ல," என்றாள். "ஆனா இதை ஒத்துக்கிட்ட பாரு, அதனால மீதி சொன்னதையும் நம்பறேன். அவ்வளவுதான்."

"போதும் அண்ணி."

"போதுமா போதாதாங்கறதை நான் சொல்றேன். அந்த இருபத்தொண்ணாம் கேள்வியைப் போர்டுல எழுது. நாளைக்குக் காலையில அதைத்தான் ஆரம்பிக்கணும்."

டப்பாவை நீட்டினாள். ஒன்பது வருடமாக நான் சாக்குக்கட்டியைத் தொட்டதில்லை. எட்டில் மூன்று எழுதினேன். ஐந்தில் இரண்டு எழுதினேன். எனக்குப் பின்னால் அவள் எழுந்து நிற்பது தெரிந்தது. கணக்கைப் பார்க்கிறாளா, என்னைப் பார்க்கிறாளா என்று தெரிந்துகொள்ளக் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அதை அடக்கிக்கொண்டு மூன்றாவது பின்னத்தை எழுதத் தொடங்கினேன்.